அந்தமானுக்கு வாராத சிதம்பரனார்

இத்தீவுகளில் குடியேறிய தமிழ் மக்களாகிய நாம், செல்லுலார் சிறையைக் காணுந்தோறும் நினைவு கூர வேண்டிய பெருமகனார் ஒருவர் உளர். அச்சிறையில் அவர் ஒருநாளும் இருந்தாரில்லை. எனினும் இத்தீவுகளுக்கு அனுப்பப்படுமாறு தீர்ப்புப் பெற்றவர்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். வக்கீல் தொழிலில் நல்ல வருவாய் ஈட்டினார். அக்காலத்தில் தூத்துக்குடி – கொழும்புக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கையில் இருந்தது. இதனை உடைக்கவே, 1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கத்தைக் கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

உடனே கட்டணப் போர் மூண்டது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கிற்று. பின்னர் அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் கொடுத்தனர் என்பர். இரயில்வேக் கட்டண அட்டவணைகளோடே காலங்கழிக்கும் நமக்கு இஃது எளிதில் விளங்கும். இரயிலுக்கு அக்காலத்திலேயே அரசாங்கம் மேல்வரம்பும் கீழ்வரம்பும் வகுத்திருந்தது. கப்பலுக்கோ அத்தகைய கீழ்வரம்பு இல்லை. பெருமூலதனம் உடையவன் நட்டத்தைத் தாங்குவான். ஏழைப் பங்காளிகளின் பணம் எத்தனை நாள் தாங்கும்?

1908 மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனார் கைதானார். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனையாக நாற்பதாண்டுத் தீவாந்தரம் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தமையால் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூருக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். அதற்குள், 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது, வறுமை சூழ்ந்தது. நீதிபதி வாலஸ் உதவியாற் சன்னதைத் திரும்பப் பெற்றவர், அந்நன்றியால் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்மைத் தண்டித்த இனத்தாரிடத்தும் நன்றி மறவாத உள்ளம்! 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

கரையோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்குமாறு 1928-இல் எஸ். என். ஹாஜி மத்திய சட்டசபையிற் கொணர்ந்த மசோதா, சிதம்பரனார் கண்முன்னேயே நிறைவேறாது போயிற்று. விடுதலைக்குப் பின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் கரையோரப் போக்குவரத்துக்கு உரிமம் வேண்டுமென விதித்தது. 2025-இல் கரையோரக் கப்பற் போக்குவரத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சென்னைத் துறையிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு நாம் ஏறிவரும் கப்பலும் இந்தியக் கொடி பறக்கும் கப்பலே.