தமிழ்த் தட்டச்சு கண்ட முத்தையா

கையால் எழுதுவது பழைய கலை. விசையைத் தட்டி எழுதுவது புதிய கலை. அமெரிக்க நாட்டினரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1868ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறி ஒன்றற்குக் காப்புரிமை பெற்றனர். 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தார் அதனைச் செய்து விற்கத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அப்பொறி உலகெங்கும் உள்ள அலுவலகங்களில் இடம்பெற்றது. கடிதமும் கணக்கும் ஆணையும் ஒப்பந்தமும் அதன் வழியே விரைவாகவும் தெளிவாகவும் வெளிவந்தன. ஆயினும் அப்பொறி அறிந்தவை உரோமன் எழுத்து முதலிய சில எழுத்துகளே. பல நூற்றாண்டுகளாக ஏட்டிலும் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பெற்ற தமிழ், இப்புதிய பொறியின் முன் ஊமையாய் நின்றது. அதற்கு வாய் தந்தவர் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா ஆவார்.

இளமை

முத்தையா 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் இலங்கையின் வடபகுதியில் உள்ள யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சுண்டிக்குளியில் பிறந்தார். அவர் தந்தையார் பெயர் இராமலிங்கம். சிறு வயதிலேயே முத்தையா தந்தையை இழந்தார். எனினும் கல்வியில் அவருக்கிருந்த வேட்கை குறையவில்லை. தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்தார்.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், வேலை நாடிக் கடல் கடந்து மலாயா சென்றனர். அங்கு இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாய் அமர்ந்தனர். முத்தையாவும் 1907ஆம் ஆண்டில் மலாயாவிற்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னர் ஐல்ஸ்பரி அண்டு கார்லண்ட் என்னும் வணிக நிறுவனத்தில் எளிய எழுத்தராகச் சேர்ந்தார். உழைப்பினாலும் நேர்மையினாலும் படிப்படியாக உயர்ந்து தலைமை எழுத்தரானார். 1930ஆம் ஆண்டு வரை அந்நிறுவனத்திலேயே பணி புரிந்தார்.

எண்ணத்தின் தோற்றம்

அலுவலக எழுத்தருக்குத் தட்டச்சுப் பொறி அன்றாடத் துணை. ஆங்கிலக் கடிதம் ஒன்றைச் சில நிமிடங்களில் அடித்து முடிக்கலாம். மைத்தாளை இடையில் வைத்தால் ஒரே முறையில் பல படிகளும் கிடைக்கும். தமிழ்க் கடிதமோ கையினாலேயே எழுதப்பட வேண்டியிருந்தது. படி வேண்டுமாயின் மீண்டும் எழுத வேண்டும். ஒருவர் கையெழுத்து மற்றொருவருக்குப் புரியாமையும் உண்டு. அச்சகத்தை நாடலாம் எனின், ஒரு தனிக் கடிதத்திற்காக எழுத்துக் கோப்பது எங்ஙனம் இயலும்?

இந்நிலை வெறும் வசதிக் குறைவு அன்று. விரைவாக எழுத முடியாத மொழியை வணிகர் கைவிடுவர், அலுவலகம் ஒதுக்கிவிடும். வீட்டிலும் கோயிலிலும் வழங்கும் மொழியாக மட்டும் அது சுருங்கிப்போகும். இதனை உணர்ந்த முத்தையா, தமிழுக்கும் ஒரு தட்டச்சுப் பொறி வேண்டும் எனத் துணிந்தார். அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர்; தொழிற்சாலை உடையவரும் அல்லர். மொழி அறிவும், விசையைத் தட்டிப் பழகிய விரல்களும், தளரா ஊக்கமுமே அவருடைய கருவிகள்.

வழியில் நின்ற இடர்கள்

ஆங்கிலத்தில் எழுத்துகள் இருபத்தாறு. பெரிய வடிவமும் சிறிய வடிவமும் சேர்ந்து ஐம்பத்திரண்டு. தட்டச்சுப் பொறியில் உள்ள விசைகள் ஏறத்தாழ நாற்பத்தைந்து. ஒவ்வொரு விசைக்கும் மேலும் கீழுமாக இரண்டு வடிவங்கள் உண்டு. ஆகவே தொண்ணூறு இடங்கள் அமைகின்றன. ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் அவற்றில் எளிதில் அடங்கிவிடும்.

தமிழிலோ உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக 247 எழுத்துகள். வழக்கில் உள்ள வடமொழி எழுத்துகள் சிலவும் இவற்றோடு சேரும். தொண்ணூறு இடங்களில் இத்தனையையும் எவ்வாறு அமைப்பது? இஃது முதல் இடர்.

இரண்டாவது இடர் எழுத்துகளின் அகலம். ரகரம் ஒடுங்கியது, ணகரம் பரந்தது. தட்டச்சுப் பொறியிலோ ஒவ்வொரு தட்டுக்கும் தாள் ஒரே அளவு நகரும். மூன்றாவது இடர் எல்லாவற்றினும் பெரியது. ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பவை. தமிழிலோ புள்ளி எழுத்தின் தலைமேல் அமரும்; இகர ஈகரக் குறிகள் எழுத்தோடு ஒட்டி வளையும்; உகர ஊகாரங்கள் ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு வடிவம் கொள்ளும். குவும் சுவும் டுவும் ஒரே ஓசையில் முடிந்தாலும் ஒரே உருவில் முடிவதில்லை.

தாளில் வரைந்த திட்டம்

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரி முதலிய ஊர்களில் பட்டு நெய்யும் தொழிலை நோக்கினால், முத்தையாவின் பணி இத்தகையது என்பது விளங்கும். சேலையில் எழவேண்டிய அன்னமும் மயிலும் கொடியும் முதலில் தறியில் தோன்றுவதில்லை. அவை கட்டமிட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரையப்படுகின்றன. அதன் பிறகே அத்திட்டம் துளையிட்ட அட்டைகளாகித் தறியின்மேல் ஏறுகிறது. தறியின் இழைக் கணக்கிற்குள் அடங்காத பூ எத்துணை அழகியதாயினும் பட்டில் மலராது. அழகையும் அளவையும் ஒருங்கே காப்பதே அத்தொழிலின் திறம்.

தட்டச்சுப் பலகை அமைப்பதும் அத்தகையதே. இரும்பில் வார்ப்பதற்கு முன் அது தாளில் பிறக்க வேண்டும். எந்த எழுத்து மொழியில் மிகுதியாக வருகிறது, எந்த விரல் வலியது, எந்த எழுத்தைத் துண்டாக்கிச் சேர்க்கலாம், எதனைத் துண்டாக்கலாகாது என்பவற்றை ஆராய்ந்து ஒவ்வொன்றுக்கும் இடம் காணவேண்டும்.

எழுத்துகளை முழுமையாக வைப்பதை விடுத்து, உறுப்புகளாகப் பிரிப்பதே முதல் வழியாயிற்று. துணைக்காலுக்கு ஒரு விசை, ஒற்றைக் கொம்புக்கு ஒரு விசை, இரட்டைக் கொம்புக்கு ஒன்று, ஐகாரக் குறிக்கு ஒன்று என வைத்தால், அவற்றைக் கொண்டே ஆகார, எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளைப் பெரும்பாலும் அமைத்துவிடலாம். நூறு எழுத்துகளுக்கு மேல் நான்கு குறிகளில் அடங்குகின்றன! பிரிக்க இயலாத உகர எழுத்துகளுக்குத் தனி விசைகள் அளிக்கப்பட்டன. புவோடும் துவோடும் ஒரு சிறு குறியைச் சேர்த்துப் பூவும் தூவும் ஆக்கும் வழியும் தமிழ்த் தட்டச்சில் அமைந்தது.

நகரா விசை

எஞ்சியது புள்ளியின் இடர். சாதாரண விசையைத் தட்டினால் எழுத்து பதியும். உடனே தாள் ஓரிடம் நகரும். புள்ளியைத் தனி விசையாக வைத்தால் அஃது எழுத்தின் தலைமேல் விழாமல் பக்கத்தில் விழும். மெய்யெழுத்துகள் பதினெட்டையும் தனித்தனியே வைக்கவோ இடம் இல்லை.

இதற்குத் துணை செய்தது நகரா விசை. இவ்விசையைத் தட்டும்போது குறி தாளில் பதியும்; ஆனால் தாள் நகராது. மகர மெய்யை அடிக்க வேண்டுமாயின் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். தாள் அசையாமல் நிற்கும். அடுத்து மகரத்தைத் தட்டினால், அது புள்ளியின் கீழ் வந்து சரியாக அமரும். அதன் பின்னரே தாள் நகரும். ஒரு விசையால் பதினெட்டு மெய்களும் பிறந்தன. எழுத்தின்மேல் சேரும் பிற குறிகளுக்கும் இத்தகைய வழி பயன்பட்டது. கேட்பதற்கு இஃது எளிதாகத் தோன்றலாம். கண்டுபிடித்த பின்னர் எளிதாகத் தோன்றுவதே சிறந்த கண்டுபிடிப்பின் இலக்கணம்.

பொறியின் பிறப்பு

திட்டம் ஆயத்தமாயிற்று, அதனைப் பொறியாக்க நுண்ணிய தொழில் வல்ல ஆலை வேண்டும். அத்தகைய ஆலை செருமனி நாட்டில் இருந்தது. திரெஸ்டன் நகரில் தையற்பொறிகளும் மிதிவண்டிகளும் செய்து புகழ்பெற்ற சைடல் நௌமன் நிறுவனத்தார் தட்டச்சுப் பொறிகளும் செய்துவந்தனர். அவர்கள் வாயிலாக முத்தையாவின் தமிழ்ப் பொறி உருவாயிற்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் உழைத்த ஒருவருடைய சிந்தனை, தமிழ் அறியாத செருமானியத் தொழிலாளர் கையால் எஃகு வடிவம் பெற்றது.

முதலில் வந்தது மேசைமேல் வைத்து அடிக்கும் பெரிய பொறி. முத்தையா அத்துடன் மனநிறைவு கொண்டு அமரவில்லை. குறைகளை ஆராய்ந்து பலகையைத் திருத்தினார். பிஜோ, ஐடியல் என்னும் பெயர்களுடன் வேறு பொறிகளும் தமிழ் எழுத்துகளைத் தாங்கி வந்தன. தமிழ்த் தட்டச்சின் தந்தை என அறிஞர் உலகம் அவரைப் போற்றுகிறது.

விளைந்த பயன்

பின்னர் ரெமிங்டன் முதலிய நிறுவனங்களும் தமிழ்ப் பொறிகளைச் செய்தன. 1956ஆம் ஆண்டில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. சட்டம் இயற்றினால் மட்டும் ஒரு மொழி அலுவலகத்தில் நடமாடிவிடாது. அதனை எழுதும் கருவியும் எழுதுவோரும் வேண்டும். கருவி முன்னரே பிறந்திருந்தது. ஊர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. இளைஞரும் இளமகளிரும் ஆயிரக்கணக்கில் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுகள் எழுதி அரசுப் பணியில் அமர்ந்தனர். ஒரு மொழியின் குறையைத் தீர்த்த கருவி பல குடும்பங்களின் வறுமையையும் தீர்த்தது.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களும் பிற எழுத்துகளைப் போலவே எழுதப்படலாயின. பொறியில் அடிப்பதற்கும் இம்மாற்றம் துணை செய்தது.

கணினியில் தொடர்ந்த பணி

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தட்டச்சுப் பொறியின் இடத்தைக் கணினி பெற்றது. மனிதனும் பொறியும் சந்திக்கும் இடத்தைக் கணினி அறிஞர் இடைமுகம் என்பர். திரையில் தோன்றும் படங்களும் பட்டியல்களும், கைக்கீழ் உள்ள விசைப்பலகையும் அதன் பகுதிகள். அவ்விடத்தில் தமிழ் எவ்வாறு அமைய வேண்டும் என்ற வினா மீண்டும் எழுந்தது.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் மென்பொருளையும் விசைப்பலகையையும் அமைத்து இத்துறையில் உழைத்தார். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்99 என்னும் விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. அவ்வாண்டு மே திங்களில் கோவிந்தசாமி மறைந்தார்.

தட்டச்சுப் பொறியில் கண் காணும் வரிசையில் எழுத்தின் உறுப்புகளைத் தட்ட வேண்டும். கொம்பு முன்னும் எழுத்து பின்னுமாக வரும். தமிழ்99 முறையில் வாய் ஒலிக்கும் வரிசையில் மெய்யும் உயிரும் தட்டினால் போதும். உரிய வடிவத்தைக் கணினியே தேர்ந்து காட்டும். உயிர்கள் இடக்கைப் பக்கத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்தன. முத்தையா காலத்துப் பொறிக்கு அறிவு இல்லை. ஆகவே மனிதன் பொறிக்கு ஏற்ப வளைந்தான். கணினி கணக்கிடவல்லது, ஆகவே பொறி மனிதனுக்கு ஏற்ப வளைந்தது. ஆயினும் பழைய தட்டச்சு முறையில் பழகியவர்களின் விரல்களை எவரும் புறக்கணிக்கவில்லை. கணினி மென்பொருள்களில் அம்முறையும் இடம்பெற்றது.

காலம் மாறியது, கருவி மாறியது, நோக்கம் மாறவில்லை. தென்னேரியில் தறியோசைக்கு இடையே படிக்கும் சிறுமி தன் தாய்மொழியில் ஒரு விண்ணப்பத்தைக் கணினியில் எழுதும்போது, அவள் விரல் செல்லும் பாதையை முதலில் வகுத்தோருள் முத்தையாவும் ஒருவர். தம் மொழிக்கு ஒரு குறை உண்டெனக் கண்டவர் பலர். அதற்காக வருந்தியவரும் பலர். அக்குறையை எண்ணிக் கணக்கிட்டு, தாளில் வரைந்து, பொறியாக்கி நீக்கியவர் அவர். மொழியன்பு சொல்லில் மட்டும் இல்லை. செயலிலும் உண்டு என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.