கோவை கரிவர்தன்

ஜெர்மனி தேசத்தில் மண் பாதையிலும் புல் தரையிலும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துதல் நெடுநாளைய வழக்கம். அங்கே ஒரு சுற்று 1,000 மீட்டர் வரையில் நீளுவதுண்டு; வண்டிகளுக்குப் பிரேக் என்பதே கிடையாது. நம் தென்னாட்டிலோ பந்தயத்திற்கென்று தனிப் பாதை நெடுங்காலம் இருந்ததில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமே பந்தயக் களமாயிற்று. முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றி ஊர்ந்து செல்லும் வண்டிகளை நாடோறும் காணும் எமக்கு, அக்களத்தின் வேகத்தைக் கற்பனை செய்வதும் சற்றுக் கடினமே.

அச்சோழவரத்தில் பெரும்பெயர் ஈட்டியவர் கரிவர்தன். கோயம்புத்தூர் லட்சுமி மில் குடும்பத்தில் 1954-இல் தோன்றியவர். செல்வக்குடியிற் பிறந்தோர் வேகத்தை விரும்புதல் வியப்பன்று. யாமும் அது கருதி இவர் சரிதத்தை எழுதப் புகுந்தோமல்லேம். வண்டியைச் செலுத்துதலோடு அமையாது, அதனைத் தம் பட்டறையில் தாமே அமைக்கவும் முற்பட்டாரே, அதுவே இவரைப் பிறரினின்றும் வேறுபடுத்துவது.

அக்காலத்தில் அயல்நாட்டு வண்டிகளை வரவழைத்தல் எளிதன்று; சுங்கமும் கட்டுப்பாடும் மிகுதி. ஆதலின் பொருளுடையார் சிலரொழிய ஏனையோர் பழைய பியட், அம்பாசிடர் கார்களையே திருத்திப் பந்தயத்திற்கு ஓட்டினர். ஒருவர்க்கு நல்ல வண்டியும் மற்றவர்க்குக் குறைந்த வண்டியும் வாய்ப்பின், வென்றது திறமையா பணமா என்று எவ்வாறு துணிவது? இதற்குக் கரிவர்தன் கண்ட விடை 1988-இல் வெளிப்பட்டது. நம் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் சிறிய மூன்று சிலிண்டர் இயந்திரத்தையே எடுத்து, ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமரத்தக்க தாழ்ந்த பந்தய வண்டியொன்றில் பொருத்தினார். பார்முலா மாருதி என்பது அதன் பெயர். யாவரும் ஒரே வகை வண்டியில் போட்டியிட்டனர். உதிரிப் பாகங்களும் உள்நாட்டிலேயே குறைந்த விலைக்குக் கிடைத்தன. இதனால், நடுத்தரச் செல்வமுடைய இளைஞர்க்கும் களத்தின் கதவு சிறிது திறந்தது. அதுவும் ஏழை மாணாக்கர்க்கு எட்டாத செலவே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் முன்னிருந்த நிலைக்கு அது பெரிய மாற்றம்.

1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை உண்டாயிற்று. அங்கே பார்முலா மாருதியில் தம் முதற் பந்தயத்தை ஓட்டியவருள் கோவைச் சிறுவர் நரேன் கார்த்திகேயனும் ஒருவர். அவரே 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

அதனைக் காணக் கரிவர்தனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நிலத்திற் காட்டிய வேட்கையை வானத்திலும் காட்டிய அவர், 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் உயிர் நீத்தார். வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பெற்ற பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே இட்டனர். மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அதில் ஓடுகின்றன.