நாள் தவறாமல் செபித்த பங்குக் குரு



வார நாளொன்றின் காலை வேளையில் உங்கள் பங்கு ஆலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்கவும் இடமில்லாத அதே ஆலயத்தில் அன்று நாலைந்து முதியவர்கள் மாத்திரம் முழந்தாளிட்டிருப்பார்கள். குருவானவரின் குரல் வெறும் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். இத்தனை சிலருக்காகவா மணி அடித்தது என்ற எண்ணம் நமக்குள் எழாமற் போகாது. அத்தகைய வெறுமையான ஆலயமொன்றில் நாள்தோறும் செபித்து, அந்தச் செபத்தின் வழியாகவே தாம் கனவிலும் எண்ணியிராத இடத்துக்கு இறைவனால் அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பங்குக் குருவின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். உலகம் அவரைக் கர்தினால் நியூமன் என்று அறியும். ஆனால் நாம் இங்கே காணப்போவது கர்தினாலை அல்ல. அங்கிலிக்கன் சபையின் பங்குக் குருவாயிருந்த நியூமனையே.

ஜோன் ஹென்றி நியூமன் 1801ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தை வங்கித் தொழில் செய்தவர். வேதாகமத்தை வாசிப்பதில் இன்பங்காணும் பழக்கம் சிறு வயதிலேயே வீட்டில் அவருக்கு ஊட்டப்பட்டது. 1816இல் தந்தையின் வங்கி முறிந்தது. குடும்பம் நிலைகுலைந்த அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், பதினைந்து வயதுச் சிறுவனான நியூமனின் உள்ளத்தில் கடவுளைப்பற்றிய உறுதி ஆழமாக வேரூன்றியது. பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் படித்து, 1822இல் அங்குள்ள ஒறியல் கல்லூரியின் ஆசிரியர் குழுவிற் சேர்ந்தார். 1825இல் அங்கிலிக்கன் குருவானார்.

அவருடைய முதற் பணித்தலம் ஒக்ஸ்போட்டில் ஏழைகள் நிறைந்திருந்த புனித கிளமெந்து பங்கு. கல்லூரி அறையிலே நூல்களோடு இருந்துவிடக் கூடியவர் வீடு வீடாக நடந்தார். நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்தார். 1828இல் பல்கலைக்கழக ஆலயமான புனித மரியாள் ஆலயத்தின் பங்குப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஞாயிறு பிற்பகல்களில் அவர் ஆற்றிய மறையுரைகளைக் கேட்க மாணவர்கள் திரண்டு வந்தனர். உரத்துப் பேசாமல், கைகளை வீசாமல், எழுதி வந்ததை அமைதியாக வாசிப்பதே அவர் வழக்கம். ஆயினும் கேட்டவர்கள் தங்கள் மனச்சாட்சியை யாரோ தொட்டதுபோல் உணர்ந்து திரும்பினார்கள்.

ஞாயிறு இப்படி இருக்க, வார நாட்களின் நிலை என்ன? 1662ஆம் ஆண்டின் அங்கிலிக்கன் செபநூல், குருக்கள் ஒவ்வொரு நாளும் காலைச் செபத்தையும் மாலைச் செபத்தையும் சொல்லவேண்டும் என்று விதித்திருந்தது. பழைய துறவற மடங்களின் பலவேளைச் செபங்களே பதினாறாம் நூற்றாண்டில் இந்த இரண்டு வேளைகளுக்குள் சுருக்கப்பட்டிருந்தன. சங்கீதங்கள் நூற்றைம்பதும் மாதத்துக்கு ஒரு முறை சொல்லி முடியும். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒரு முறையும், புதிய ஏற்பாடு ஏறக்குறைய முழுவதும் ஆண்டுக்கு மூன்று முறையும் வாசிக்கப்படும். எவ்வளவு அழகான ஒழுங்கு! ஆனால் நியூமனின் காலத்தில் இவ்வொழுங்கு பெரும்பாலான பங்குகளில் நூலில் மாத்திரமே இருந்தது. ஆலயக் கதவுகள் ஞாயிறன்று திறந்து, அன்றே மூடப்பட்டன.

1833இல் தென் ஐரோப்பாவுக்குப் பயணஞ் சென்றிருந்த நியூமன் சிசிலித் தீவிலே கடுங்காய்ச்சலில் விழுந்து சாவின் விளிம்புவரை போய் மீண்டார். தமக்கு இங்கிலாந்திலே ஒரு பணி காத்திருக்கிறது என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. திரும்பும் வழியில், காற்றின்றிக் கடலில் நின்ற கப்பலிலிருந்தே, அன்புள்ள ஒளியைத் தம்மை வழிநடத்த வேண்டும் அந்தப் புகழ்பெற்ற கவிதையை எழுதினார். தூரத்துக் காட்சியை அவர் கேட்கவில்லை. அடுத்த அடி வைக்க வெளிச்சம் போதுமென்றார்.

அந்த அடுத்த அடி எது? வாசகரே, பெரியதொரு செயலை எதிர்பார்க்கிறீர்களா? 1834ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் செய்தது மிக எளியது. செபநூலின் விதியைச் சொன்னபடியே கடைப்பிடித்து, புனித மரியாள் ஆலயத்திலே தினமும் காலைச் செபத்தைத் தொடங்கினார். வந்தவர்கள் சிலரே. அவர் அதனால் மனந்தளரவில்லை. தினசரி வழிபாட்டைப்பற்றி அவ்வாண்டிலேயே மறையுரையாற்றி, ஆதிக் கிறிஸ்தவர்கள் நாள்தோறும் கூடிச் செபித்ததை நினைவூட்டினார். எத்தனை பேர் வருகிறார்கள் என்பது செபத்தின் அளவுகோல் அல்ல, ஆலயத்திலே ஒருவர் நின்று செபித்தாலும் விண்ணவர் கூட்டம் அவரோடு நிற்கிறது என்பதே அவர் கொண்டிருந்த உறுதி.

அவருடைய பங்கின் ஒரு பகுதி லிற்றில்மோர் என்னும் சிற்றூர். அங்குள்ள ஏழைகளுக்கு ஆலயம் இருக்கவில்லை. 1835இல் நியூமனின் தாயார் அடிக்கல் நாட்ட, ஓர் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டு செப்டெம்பரில் அது அபிஷேகம் செய்யப்பட்டபோது அந்தத் தாய் உயிரோடில்லை. அவருடைய நினைவுக்கல் இன்றும் அவ்வாலயத்தில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டுத் தபசு காலத்தை நியூமன் அவ்வூரிலேயே கழித்தார். சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். ஒதுக்கி வைத்திருந்த வயலினைத் தேடியெடுத்து, நரம்பு பூட்டி, அவர்களுக்குப் பாடவும் பழக்கினார். ஒக்ஸ்போட்டின் பேரறிஞர் கிராமத்துப் பிள்ளைகள் நடுவே வயலினோடு நின்ற அக்காட்சியை எண்ணிப் பாருங்கள்!

இதற்கிடையில் அவர் அறியாமலே இன்னொரு கதவு திறந்திருந்தது. 1836 பெப்ரவரியில் அவருடைய உயிர் நண்பர் ஹரல் புரூட் காசநோயால் இறந்தார். நினைவாக ஒரு நூலை எடுத்துக்கொள்ளும்படி குடும்பத்தார் நியூமனைக் கேட்டனர். அவர் விரும்பிய நூல் ஏற்கனவே வேறொருவருக்குப் போய்விட்டது. அருகில் நின்ற நண்பர் ஒருவர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். அது கத்தோலிக்கக் குருக்கள் அக்காலத்தில் நாள்தோறும் சொல்லிவந்த இலத்தீன் கட்டளைச் செபநூல். சங்கீதங்களும் வேதாகம வாசகங்களும் திருத்தந்தையரின் விளக்கங்களும் வேளைக்கு வேளை பகுக்கப்பட்டிருந்த அந்நூலை அவர் எடுத்துச் சென்றார், படித்தார், அன்று தொட்டுச் செபிக்கவுந் தொடங்கினார். தாம் கைவிடாது சொல்லிவந்த அங்கிலிக்கன் செபத்தின் தாய் வேரை அதிலே கண்டார்.

1842இல் லிற்றில்மோரில் குதிரை லாயமாயிருந்த கட்டிடத்தைத் திருத்தி, சில இளைஞரோடு அங்கே குடியேறினார். மௌனம், நோன்பு, படிப்பு, வேளைதோறும் கட்டளைச் செபம் என்று நாட்கள் நகர்ந்தன. தங்கள் சபைக்குப் பிரமாணிக்கமாயிருக்க விரும்பியபடியால், புனிதர்களை நேரடியாக விளித்து மன்றாடும் இடங்களை விட்டே செபித்தார்கள். அவ்வளவு நுணுக்கமான மனச்சாட்சி அவருடையது! ஆனால் ஆதித் திருச்சபையைப்பற்றி அவர் செய்த ஆராய்ச்சியும் நாள்தோறும் செய்த செபமும் ஒரே திசையைக் காட்டின. திருத்தந்தையரின் திருச்சபை இன்று எங்கே இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை.

வாசகரே, அவர் எதை இழக்கவேண்டியிருந்தது என்பதைச் சற்றே சிந்தியுங்கள். அக்கால இங்கிலாந்திலே கத்தோலிக்கர் சிறுபான்மையினர், இழிவாக எண்ணப்பட்டவர்கள். கத்தோலிக்கராகிறவர் ஒக்ஸ்போட்டின் பதவியையும் வருமானத்தையும் இருபது ஆண்டு நட்புகளையும் துறக்க வேண்டும். அவசரப்படாமல், செபித்தபடியே காத்திருந்தார். 1843 செப்டெம்பரில் பங்குப் பொறுப்பை விட்டு விலகினார். லிற்றில்மோர் ஆலயத்திலே, நண்பர்கள் பிரியும் வேளையைப்பற்றித் தம் இறுதி மறையுரையை ஆற்றியபோது கூடியிருந்தோர் கண்ணீர் விட்டனர்.

1845 ஒக்டோபர் 8ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் நனைந்தபடி ஓர் இத்தாலியத் துறவி லிற்றில்மோரை வந்தடைந்தார். அவரே பாடுகளின் சபையைச் சேர்ந்த முத்திப்பேறுபெற்ற தொமினிக் பார்பேரி அடிகளார். அவர் அடுப்பருகே நின்று உடையை உலர்த்திக்கொண்டிருக்கையில், நியூமன் உள்ளே வந்து அவர் பாதத்தில் முழந்தாளிட்டு, தம்மைத் திருச்சபையிற் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டினார். மறுநாள் அது நிறைவேறியது. அதற்கடுத்த நாள் அவ்வீட்டில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபோது, நியூமன் நின்று எழுதிய மேசையே பீடமாயிற்று.

விலை சிறிதல்ல. சகோதரிகளுள் ஒருத்தி அவரோடு உறவையே துண்டித்துக்கொண்டாள். 1846இல் ஒக்ஸ்போட்டை விட்டுப் போனவர் அந்நகருக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் திரும்பவில்லை. 1847இல் உரோமையில் கத்தோலிக்கக் குருவாகி, மறு ஆண்டு பேர்மிங்ஹாமில் புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோறியன் சபையை நிறுவினார். நம் நாட்டின் அப்போஸ்தலரான புனித யோசேவாஸ் முனிவர் கோவாவில் அமைத்த குருக்கள் குழுவும் இதே பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவியது என்பதை இங்கே நினைவுகூருவது நமக்கு மகிழ்ச்சி தரும்.

புதிய வீட்டுக்கு வந்தவர் பழைய வீட்டின் நல்லவற்றை வீசியெறியவில்லை. அங்கிலிக்கன் ஆயரான லான்சலற் அன்றூசின் தனிச்செபங்களைக் கிரேக்க மொழியிலிருந்து 1840இல் மொழிபெயர்த்திருந்தார். கத்தோலிக்கரான பின்னும் அவற்றைக் கைவிடவில்லை. தம் சிற்றாலயத்தின் சுவரிலே நண்பர்களின் படங்களை வைத்து, பெயர் சொல்லி அவர்களுக்காக மன்றாடினார். 1865இல் பழைய தோழர்களான கீபிளையும் பூசியையும் மீண்டும் சந்தித்தார்.

1879இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். முதுமையிலே கண் மங்கிக் கட்டளைச் செபநூலை வாசிக்க முடியாமற் போனபோது செபமாலையைக் கையில் எடுத்தார். நூல் மாறியது, நாள் தவறவில்லை. 1889ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று தம் கடைசித் திருப்பலியை ஒப்புக்கொடுத்து, 1890 ஓகஸ்ட் 11ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2019 ஒக்டோபர் 13ஆம் நாள் அவரைப் புனிதராக அறிவித்தார். பாப்பரசர் 14ஆம் சிங்கராயர் 2025 நவம்பர் முதல் நாள் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராகப் பிரகடனஞ் செய்தார். அவருடைய திருநாளோ இறந்த நாளில் அல்ல; லிற்றில்மோரில் அவர் முழந்தாளிட்ட அந்த ஒக்டோபர் 9ஆம் நாளிலேயே நினைவுகூரப்படுகிறது.

வாசகரே, உங்கள் வீட்டிலும் வேதாகமம் ஒன்று இருக்கும். அதன்மேல் தூசி படிந்திருக்கிறதா? பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலை முடிந்து களைப்பாயிருக்கிறது, எல்லாரும் ஒன்றுசேர முடிவதில்லை என்று மாலைச் செபம் நின்று போயிருக்கிறதா? எல்லாரும் சேரும்வரை காத்திராதீர்கள். இன்று மாலை ஒருவராவது விளக்கேற்றி, ஒரு சங்கீதத்தைச் சொல்லி, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசியுங்கள். நாளையும் அதையே செய்யுங்கள். நியூமனுக்கும் முதல் நாளிலே முழு வழியும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த அடிக்கு வேண்டிய வெளிச்சமே கிடைத்தது. மறுநாள் அதற்கடுத்த அடிக்கு. நாள் தவறாமல் கேட்டவருக்கு அது ஒருநாளும் மறுக்கப்படவில்லை.