மூலகங்களுக்கு இடம் வகுத்த ஆசிரியர்

ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம் என்று முதல் இருபது மூலகங்களை வாய்ப்பாடு போல ஒப்புவித்த காலம் எங்களிற் பலருக்கு நினைவிருக்கும். ஆய்வுகூடச் சுவரில் தொங்கிய அந்த ஆவர்த்தன அட்டவணை, பாடநூல் எழுதிய ஓர் ஆசிரியருக்கு இடையில் நேர்ந்த சிக்கலிலிருந்து பிறந்தது. அவர்தான் திமித்ரி இவானோவிச் மென்டலீவ். அவருடைய கதையைச் சொல்வதானால் அவருடைய தாயாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

மென்டலீவ் 1834ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில், ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தையார் பாடசாலை அதிபர். மகன் பிறந்த ஆண்டிலேயே அவருடைய கண்பார்வை போயிற்று; அதனோடு பதவியும் போயிற்று. தாயார் மரியா திமித்ரியெவ்னா தம் சகோதரருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்சாலையைப் பொறுப்பேற்று நடத்திக் குடும்பத்தைக் காத்தார். அவருக்குப் பாடசாலைக் கல்வி வாய்க்கவில்லை. சகோதரரின் பாடங்களைக் கூடவிருந்து கற்றவர் என்று சொல்லுவார்கள். 1847இல் கணவர் காலமானார். மறு ஆண்டு தொழிற்சாலையும் தீக்கிரையாயிற்று.

ஐம்பது வயதைக் கடந்த அந்த விதவைத் தாய், 1849இல் கடைசி மகனையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு மொஸ்கோவுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீற்றர் தூரம். அங்குள்ள பல்கலைக்கழகம் மகனைச் சேர்க்க மறுத்தது. அவர் ஊருக்குத் திரும்பவில்லை. சென் பீற்றர்ஸ்பேர்க்குக்குப் போனார். கணவர் முன்பு படித்த ஆசிரியர் கல்விக் கழகத்தில் 1850இல் மகனுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டில் தாயார் இறந்துபோனார். மகன் பட்டம் பெற்றதையோ பேராசிரியரானதையோ அவர் காணவில்லை. 1887இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி நூலை மென்டலீவ் தாயாரின் நினைவுக்கே சமர்ப்பித்தார்.

1855இல் தங்கப் பதக்கத்துடன் தேறியவர், நெஞ்சுநோய் என்ற அச்சத்தால் தென்புலத்து ஊர்களிற் சிறிது காலம் படிப்பித்துவிட்டு, பின்னர் மேற்படிப்புக்காக ஜேர்மனி சென்றார். அங்கிருக்கையில் 1860இல் காள்ஸ்ரூ நகரில் நடந்த இரசாயனவியலாளர் மாநாட்டிலே கலந்துகொண்டார். அணுநிறை என்ற ஒன்றிலேயே ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த காலம் அது. ஒட்சிசனுக்கு 8 என்பார் ஒருவர், 16 என்பார் மற்றவர். தண்ணீருக்கே ஒரே சூத்திரம் இருக்கவில்லை. இத்தாலியரான கனிசாரோ அணுநிறைகளை ஒழுங்காகக் கணிக்கும் வழியை அங்கே எடுத்துரைத்தார். அந்த எண்கள் திருந்தியிராவிட்டால் பின்னால் வந்த எதுவும் வந்திராது.

1867இல் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியற் பேராசிரியரானார். மாணவர் கையிற் கொடுக்கத் தகுந்த ரஷ்ய நூல் இல்லையெனக் கண்டு தாமே எழுதத் தொடங்கினார். முதற் பாகத்தில் ஐதரசன், ஒட்சிசன், நைதரசன், காபன் ஆகியவற்றையும் குளோரீன் குடும்பத்தையும் விரிவாக எழுதினார். இரண்டாம் பாகத்தைச் சோடியம், பொற்றாசியம் குடும்பத்துடன் தொடங்கினார். அதற்கடுத்து எதை வைப்பது? அக்காலத்தில் தெரிந்திருந்த மூலகங்கள் 63. அவர் எழுதி முடித்தவையோ கொஞ்சம். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனால் பிள்ளைகள் எப்படி நினைவில் வைப்பார்கள்? படிப்பித்த எவருக்கும் இந்தக் கவலை புரியும்.

அணுநிறைகளைப் பக்கத்திற் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். குளோரீன் 35.5, பொற்றாசியம் 39. புரோமீன் 80, ருபிடியம் 85. அயடீன் 127, சீசியம் 133. ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரு குடும்பங்கள் எடையில் அயலவராக நின்றன. மற்றவற்றையும் அவ்வாறே அடுக்கியபோது, குணங்கள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பத் திரும்ப வந்தன. இது 1869 மார்ச் முதலாந் திகதி. பாற்கட்டித் தொழிலகங்களைப் பார்வையிடப் புறப்படவிருந்த நாளில், அதுபற்றி வந்த கடிதத்தின் பின்புறத்திலேயே கணக்குகளைக் குறித்திருக்கிறார். கனவிலே அட்டவணையைக் கண்டார் என்றொரு கதையும் உலாவுகிறது. எமக்கென்னவோ பாடநூற் கதையே நம்பத்தக்கதாகப் படுகிறது.

இங்கிலாந்தில் நியூலண்ட்சும் ஜேர்மனியில் லொதர் மேயரும் இதே வழியில் முயன்றவர்களே. மென்டலீவின் துணிவு வேறுவகை. பொருந்தாத இடத்தில் ஒரு மூலகத்தைத் திணிக்காமல் கட்டத்தை வெறுமையாக விட்டார். 1871இல் அந்த வெற்றிடங்களில் மூன்றுக்கு உரியவற்றின் குணங்களையும் எழுதி வைத்தார். அவற்றுக்கு ஏக அலுமினியம், ஏக போரன், ஏக சிலிக்கன் என்று பெயர். சமஸ்கிருத எண்ணுப்பெயரை ஒரு ரஷ்யர் எடுத்தாண்டது எமக்கு இன்றும் ஒரு வியப்புத்தான்.

1875இல் பிரான்சில் லெக்கொக் த புவாபோதிரான் கல்லியத்தைக் கண்டுபிடித்தார். அதன் அடர்த்தி 4.7 என்று அளந்து வெளியிட்டார். அது ஏறத்தாழ 5.9 ஆக இருக்க வேண்டும் என்று பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து மென்டலீவ் எழுதினார். அந்த உலோகத்தைக் கண்ணாலும் காணாதவர் இப்படி எழுதினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆயினும் பிரெஞ்சுக்காரர் உலோகத்தை மேலும் தூய்மையாக்கி மறுபடி அளந்தார். 5.9 வந்தது. 1879இல் ஸ்கண்டியமும் 1886இல் ஜேர்மானியமும் மற்ற இரு கட்டங்களை நிரப்பின.

எல்லாவற்றிலும் அவர் சரியாகச் சொன்னவரல்லர். தெலூரியம் அயடீனிலும் எடை கூடியது. ஆனாலும் குணம் பார்த்து அதை அயடீனுக்கு முன்னே வைத்தார். இடம் சரி, தெலூரியத்தின் எடையைப் பிழையாக அளந்திருக்கிறார்கள் என்று அவர் கருதியதுதான் தவறு. வரிசையைத் தீர்மானிப்பது அணுநிறையன்று, அணுவெண்ணே என்பதை 1913இல் மோஸ்லி காட்டினார். அணுவுக்குள் இலத்திரன் இருக்கிறது என்பதையும் மென்டலீவ் முதுமையில் ஏற்க விரும்பவில்லை. இன்று அந்த இலத்திரன்களைக் கொண்டுதான் அவருடைய அட்டவணையை வகுப்பில் விளக்குகிறார்கள்.

பெண்பிள்ளைகளின் கல்விக்கூடத்தில் வளர்ந்த நாங்கள் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில், பீற்றர்ஸ்பேர்க்கில் 1878இல் தொடங்கிய பெண்கள் உயர்கல்வி வகுப்புகளில் அவர் விரிவுரை நிகழ்த்தினார். யூலியா லெர்மொந்தோவா என்ற ரஷ்யப் பெண் ஹைடல்பேர்க்கில் பிளாற்றினம் சார்ந்த உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் இறங்கியது அவருடைய தூண்டுதலாலேயே. அட்டவணையில் அவ்வுலோகங்களின் வரிசையைச் சரிபார்க்க அது தேவைப்பட்டது. 1874இல் கோத்திங்கன் பல்கலைக்கழகம் அப்பெண்ணுக்கு இரசாயனவியலிற் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

1890இல் மாணவர்களின் விண்ணப்பமொன்றைக் கல்வி அமைச்சரிடம் தாமே கொண்டு சென்றார். அது ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. அவர் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். பின்னர் நிறுத்தல் அளத்தல் திணைக்களத்தின் தலைமைப் பொறுப்பேற்று, அங்கே பெண்களையும் வேலைக்கு அமர்த்தினார். 1906இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பேசப்பட்டது. பரிசு மொய்சானுக்குப் போயிற்று. மறு ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி மென்டலீவ் காலமானார். இறுதி ஊர்வலத்தில் மாணவர்கள் ஆவர்த்தன அட்டவணையைத் தூக்கிச் சென்றார்கள்.

1955இல் அமெரிக்காவின் பேர்க்லியில் 101ஆம் மூலகத்தை உண்டாக்கியவர்கள் அதற்கு மென்டலீவியம் என்று பெயரிட்டார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தவை 17 அணுக்கள் மாத்திரமே.