ருக்மிணி தேவி அம்மையாரும் வாயில்லா ஜீவன்களும்

ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் பெயரைக் கேட்டவுடன் பரத நாட்டியத்தையும் கலாக்ஷேத்திரத்தையும் நினையாதார் தமிழ்நாட்டில் இலர். அந்நினைவு தக்கதே. ஆயினும் அம்மையார் செய்த மற்றொரு பெருந்தொண்டு அப்புகழின் நிழலில் மறைந்து கிடக்கின்றது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் வண்டியில் அடிபட்ட நாயையும், குப்பைமேட்டில் விடப்பட்ட பூனைக்குட்டியையும் எடுத்துச் சென்று காக்கும் இளைஞர் நம்மிடையே உளர். நம் மாணவருள்ளும் சிலர் இருத்தல் கூடும். அவர்களுக்குத் துணைநிற்கும் சட்டம் யாருடைய முயற்சியால் பிறந்தது என்பதை அவர்களுள்ளேயே பலர் அறியார். ஆகலின் அம்மையாரின் சரித்திரத்தை அப்பக்கமாக நின்று ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரிகள் பொறியியல் துறை உத்தியோகஸ்தர். பிரம்மஞான சங்கத்தில் பற்றுடையவர். உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றதும் அவர் குடும்பத்துடன் அடையாற்றில் குடியேறினார். அங்கே அன்னி பெசண்ட் அம்மையாரின் நிழலில் வளர்ந்த ருக்மிணி தேவி, 1920-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்தார். சென்னை வைதிக சமூகம் கொதித்தெழுந்தது. ஊரார் வசைக்கு அஞ்சாத உறுதி இவருக்கு அப்பொழுதே வாய்த்திருந்தது. தேவதாசியர்க்கே உரியதென்று இகழப்பட்ட சதிரைப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்று, 1935-ஆம் ஆண்டில் அடையாற்றில் பலர் காண ஆடியதும், 1936-ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நிறுவியதும் யாவரும் அறிந்தவை. அவற்றை விரித்தல் வேண்டா.

1952-ஆம் ஆண்டில் அம்மையார் ராஜ்ய சபையின் நியமன அங்கத்தினரானார். கலைக்காக நியமிக்கப்பெற்றவர் கலையைக் குறித்தே பேசுவார் என்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ மறு ஆண்டிலேயே மிருகவதைத் தடுப்பு மசோதாவொன்றைத் தனி அங்கத்தினர் என்ற முறையில் சபைமுன் வைத்தார்.

அதற்குமுன் சட்டமே இல்லையோ எனின், இருந்தது. 1890-ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் இயற்றிய சட்டம் அது. ஆனால் அது பெரும்பாலும் நகராட்சி எல்லைக்கு உட்பட்ட இடங்களையே தழுவியது. வீட்டில் வளர்ப்பதும் பிடித்து அடைக்கப்பட்டதுமே அதன் கணக்கில் மிருகம். நகர எல்லைக்கு அப்பால் ஏரியும் வயலுமாய் இருந்த அந்நாளைய அம்பத்தூர் போன்ற ஊர்களில், யாருக்கும் உரிமையில்லாத தெருநாய்க்கு அச்சட்டத்தால் யாது பயன்?

1954-ஆம் ஆண்டில் மசோதா விவாதத்திற்கு வந்தபோது, பிரதமர் நேரு தாமே எழுந்து அதன் நோக்கத்தைப் பாராட்டி, அரசாங்கமே குழுவொன்றை அமைத்து ஆராயும் என்று உறுதி கூறி, மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். அம்மையாரும் இசைந்தார். இத்தகைய வாக்குறுதிகள் பல காகிதத்தோடு மடிவதை நாம் கண்டிருக்கின்றோம். இது மடியவில்லை, எனினும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருக்க நேர்ந்தது. 1960-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் புதிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

மனிதனல்லாத எவ்வுயிரும் மிருகமே என்று அச்சட்டம் வரையறுத்தது. மிருகங்களின் நலம் காக்க ஒரு வாரியம் வேண்டும் என்றும், முதுமையாலும் நோயாலும் பயனற்றுப்போன உயிர்கள் புகலடையும் காப்பகங்களுக்கு அவ்வாரியம் ஊக்கமளிக்க வேண்டும் என்றும் விதித்தது. வாரியம் 1962-ஆம் ஆண்டில் அமைந்தது. அம்மையாரே முதல் தலைவர். அதன் தலைமை அலுவலகம் பல்லாண்டுகள் சென்னையிலேயே இருந்தது.

சட்டத்தில் குறைகளும் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. முதற் குற்றத்திற்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் என்று அது கூறுகின்றது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அத்தொகை உயர்த்தப்படவில்லை. இன்று ஐம்பது ரூபாய் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது. தெருநாய்களை விஷவாயு அறையில் இட்டுக் கொல்வதையும் அச்சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. 1959-ஆம் ஆண்டில் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் நிறுவிய புளூ கிராஸ், நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்தலே வழி என்று 1964 முதல் வற்புறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி 1996-ஆம் ஆண்டில்தான் அவ்வழியை மேற்கொண்டது. அம்மையாரின் முயற்சியால் விளைந்த அதே சட்டத்தின்கீழ் 2001-ஆம் ஆண்டில் பிறந்த விதிகளே கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் நாடெங்கும் வகுத்தன. அதைக் காண அம்மையார் இருந்திலர்.

சட்டம் காப்பகத்தை ஊக்குவிக்கலாம். அதன் தரையைக் கழுவாது. கால் முறிந்த நாயை ஆட்டோவில் ஏற்றுவது, நாள்தோறும் சோறு வடிப்பது, பழைய போர்வை திரட்டுவது, மருந்துக்குப் பணம் சேர்ப்பது, குணமான குட்டிக்கு நல்ல வீடு தேடுவது ஆகிய யாவும் சம்பளம் பெறாத தொண்டர் தலைமேல் விழுகின்றன. சாதி நாய்க்குட்டியை ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்குவோர், காப்பகத்து நாட்டு நாயை இலவசமாகவும் ஏற்கத் தயங்குகின்றனர். அபராதத்தின் சிறுமையினும் இதுவே நமக்கு வருத்தம் தருகின்றது. வாரந்தோறும் ஒரு மாலை காப்பகத்தில் உழைக்கவும், விடுமுறையில் ஒரு குட்டியைத் தம் வீட்டில் வைத்துத் தேற்றவும் மாணவர்க்கு இயலாததன்று.

1977-ஆம் ஆண்டில் மொரார்ஜி தேசாய் அம்மையாரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு கேட்டார், அம்மையார் மறுத்துவிட்டார். மிருகநல வாரியத்தை மட்டும் அவர் விட்டிலர். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தபொழுதும் அவ்வாரியப் பணியிலேயே இருந்தார்.