எங்க ஊருக்குத் தண்ணி கொண்டுவந்த மனிதர்

தை மாசம் எங்க கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து பாருங்க. ஜனவரி 15 அன்னிக்கு லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் பானை பொங்கிக்கிட்டிருக்கும். சாமிக்கு இல்லை, ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு! கர்னல் ஜான் பென்னிகுக் பிறந்த நாள் அது.

எங்க வீட்டில் அவர் படம் சாமி படங்களோடுதான் மாட்டியிருக்கு. அணை கட்டும்போது வெள்ளம் வந்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிருச்சு, அரசாங்கம் கையை விரிச்சிருச்சு, அவர் சீமைக்குப் போய்ச் சொத்தையெல்லாம் வித்துப் பணம் கொண்டுவந்து கட்டி முடிச்சாரு என்று தாத்தா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். சிவில் எடுத்ததே அந்தக் கதையால்தான்.

இங்கே சேர்ந்த பிறகு அணையைப் பற்றித் தேடிப் படித்தேன். வேலை முழுக்க அரசாங்கச் செலவில் நடந்ததாகத்தான் பதிவு இருக்கிறது. சொத்து விற்ற கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மனசு ஒடிந்து போனது. சரி, அந்தக் கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற மனிதர் யார் என்று பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

1841-ல் புனேயில் பிறந்தவர் அவர். அப்பா ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ஆம் தேதி சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டார்கள். தம்பி ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள்! அந்தப் பிள்ளை இங்கிலாந்தில் படித்து, அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் பயிற்சி முடித்து, 1860-ல் மதராஸ் இன்ஜினியர்ஸ் பிரிவுக்கு வேலைக்கு வந்தது. பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். வெயிலும் மைதானமும் அவருக்குப் பிடிக்கும். சென்னை கிரிக்கெட் கிளப்போடு நெருங்கிய தொடர்பு வைத்திருந்தவர்.

அந்தக் காலத்தில் மதுரைச் சீமை எப்படி இருந்தது? வைகை பாதி நாள் மணலாகக் கிடக்கும். 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தை எங்க பாட்டிமார் இன்னும் பழமொழி மாதிரி சொல்வார்கள். மலைக்கு அந்தப் பக்கமோ பெரியாறு கரை புரண்டு மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கிழக்கே திருப்பலாமே என்ற யோசனை பழசுதான். ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். யோசனை யோசனையாகவே கிடந்தது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுக்கிடம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1887-ல் வேலை தொடங்கியது.

சிவில் மாணவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். அடர்ந்த காடு, யானை, மலேரியா. சிமெண்டும் இல்லை. முன்னும் பின்னும் கருங்கல் கட்டு, நடுவில் சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் சேர்த்த கான்கிரீட். மாட்டுவண்டி, மலை ஏறும் கம்பிவடம், படகு என்று சாமான் போய்ச் சேர்ந்தது. தண்ணீரைத் தன் எடையாலேயே தடுத்து நிற்கிற 1200 அடி நீளச் சுவர் அது; அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம். தேங்கிய தண்ணீரைக் கிழக்கே தள்ள, தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து 5704 அடிச் சுரங்கம்.

ஆற்றை ஒதுக்கப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் ஒரு தடவை இல்லை, பல தடவை அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலில் கூலியாட்கள் செத்தார்கள். பேர் எழுதாத கல்லறைகள் அந்தக் காட்டில் இருக்கின்றன. இந்த அணை அவர்களுடையதும்தான். அதை மறந்தால் நாம் இன்ஜினியர் ஆகவே லாயக்கில்லை. ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வடிந்ததும் மறுபடி அளந்து, மறுபடி மூட்டை போட்டு, மறுபடி கட்டினார்கள். எட்டு வருஷம்! 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். மேற்கே போன ஆறு கிழக்கே திரும்பியது.

அதற்குப் பிறகு பென்னிகுக் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் கல்லூரித் தலைவராக இருந்தார். 1899-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத் தடுப்புக்கு யோசனை சொன்னார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார். அணை நிற்கிறது, 1930-களிலும் 1979-க்குப் பிறகும் பலப்படுத்தியிருக்கிறார்கள். 2013-ல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியது. 2022-ல் கேம்பர்லியிலேயே சிலையும் வைத்தது.

போன பொங்கல் லீவில் தாத்தாகிட்ட தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். சொத்து வித்ததுக்கு ஆதாரம் இல்லை தாத்தா என்றேன். கோபப்படுவார் என்று பயந்தேன். வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வித்தாரோ விக்கலையோ, வெள்ளம் அடிச்சிட்டுப் போன மறுநாள் அந்த ஆளு காட்டைவிட்டு ஓடலையேடா என்று மட்டும் கேட்டார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சொத்தைக் கொடுத்த வள்ளல் என்பதைவிட, அடிச்சிட்டுப் போனதைத் திரும்பக் கட்டிய இன்ஜினியர் என்பதுதான் எனக்கு இப்போது பெரிசாகத் தெரிகிறது. வள்ளலாக நம்மால் முடியாது. திரும்பக் கட்டுகிறவனாக முடியும். சர்வே கணக்கு தப்பிப்போய் முதலிலிருந்து அளக்கச் சொல்லும்போது முணுமுணுக்கிற நண்பர்களே, அடுத்த தடவை ஒரு நிமிஷம் அந்தக் காட்டை நினைச்சுக்குங்க. அப்புறம் டேப்பை எடுங்க!

– மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு