கணவரைக் கைவிடாத ராணி லட்சுமி பாய்

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்த காலம். அரசுரிமை மருமக்கள் வழியில் சென்றது. மன்னரின் மகனுக்குப் பட்டம் கிடையாது. சகோதரியின் மகனுக்கே அது சேரும். ஆகவே பெண் வாரிசு இல்லாதபோது அரண்மனையில் தத்து எடுப்பார்கள். 1857-ல் மாவேலிக்கரையிலிருந்து அப்படி வந்தவர் லட்சுமி பாய்.

1859-ல் கேரளவர்ம கோயில் தம்புரானை மணந்தார். 1875-ல் சதிச் சந்தேகத்தின் பேரில் ஆயில்யம் திருநாள் மகாராஜா கேரளவர்மரைச் சிறைப்படுத்தினார். பிறகு ஹரிப்பாட்டில் காவலில் வைத்தார். மருமக்கள் வழியில் மறுமணத்துக்குத் தடை இல்லை. ஆயினும் ராணி இணங்கவில்லை. 1880-ல் மகாராஜா மறைந்த பின்னரே கேரளவர்மர் விடுதலையாகி வந்து சேர்ந்தார். அந்தப் பிரிவின் துயரமே பிற்பாடு அவர் எழுதிய ‘மயூர சந்தேசம்’ காவியத்தின் கரு.

ராணிக்குக் குழந்தைகள் இல்லை. 1900-ல் தம் தங்கை பாகீரதி, ஓவியர் ராஜா ரவிவர்மா தம்பதியரின் பேத்திகள் இருவரை வாரிசுகளாகத் தத்தெடுத்தார். மறு ஆண்டே காலமானார். அவர்களில் சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பை வகித்தார். சேது பார்வதி பாயின் மகன் சித்திரைத் திருநாள் 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலுக்குள் எல்லா சாதி இந்துக்களும் நுழைய வழி பிறந்தது அதனால்தான்.